ராக்கி மலை ஏரிச் சேறும் ஹெக்டேருக்கு ஒன்றரைக் கிலோவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் உச்சி ஏரிகளில், அடிச்சேற்றில் படிந்திருந்த டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி) ஓடுகளை எண்ணியபோது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இனங்களின் விகிதத்தில் ஒரு திருப்பம் தெரிந்தது. அந்தத் திருப்பம் நேர்ந்த காலத்தை வைத்து, மழையோடும் பனியோடும் இறங்கும் நைட்ரஜனுக்கு ஒரு வரம்பு கணக்கிட்டார்கள்: ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.5 கிலோ. மூன்று அரசு அமைப்புகள் அதையே இலக்காக ஏற்றுக்கொண்டன. டயாட்டம் ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்விதழோடு நின்றுவிடும். இது அரசுக் கோப்புக்குள் போய், அங்கிருந்து மாட்டுப் பட்டி வரைக்கும் போனது.

ஏரிச் சேறு “எப்போது மாறியது” என்று சொல்லும். “எவ்வளவு தாங்கும்” என்று அது சொல்லாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எப்படித் தாண்டினார்கள், தாண்டிய இடத்தில் எவ்வளவு நெகிழ்வு இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது.

இடம்

பூங்காவின் நடுவே வடக்குத் தெற்காகக் கண்டத்தின் நீர்பிரி முகடு ஓடுகிறது. முகட்டின் கிழக்குச் சரிவில் லாக் வேல் என்ற படுகை உள்ளது. பரப்பு சுமார் 660 ஹெக்டேர். ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறையும் கல்சரிவும். அடியில் கிரானைட், நைஸ் என்ற கடினப் பாறைகள். மண் மெலிது, காடு சொற்பம். இப்படிப்பட்ட நிலத்தில் வானத்திலிருந்து விழும் நைட்ரேட்டை (நைட்ரஜனின் நீரில் கரையும் வடிவம்) பிடித்துவைக்கச் செடியும் இல்லை, மண்ணும் இல்லை. பனி உருகும் மாதங்களில் அது நேரே ஏரிக்குள் இறங்குகிறது. படுகையின் மேல்முனையில், 3,300 மீட்டருக்கு மேலே, ஸ்கை பாண்ட் என்ற சிறு ஏரி. கீழ்முனையில் ‘தி லாக்’ ஏரி.

மலைக்குக் கிழக்கே சமவெளியில் டென்வர், போல்டர், கிரீலி நகரங்கள், நெடுஞ்சாலைகள், பாசன நிலங்கள், ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பட்டிகள். காற்று வழக்கமாக மேற்கிலிருந்துதான் வீசும். வசந்தத்திலும் கோடையிலும் சில நாட்கள் கிழக்கிலிருந்து மலையேறிக் காற்று அடிக்கும். சமவெளியின் வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், சாணத்திலும் மூத்திரத்திலும் உரத்திலும் கிளம்பும் அம்மோனியாவும் அந்த நாட்களில் மேலே ஏறி, மழையோடோ பனியோடோ இறங்கும்.

1977இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின்படி இந்தப் பூங்கா முதல் வகுப்புப் பகுதி, அதாவது காற்றுக்கு மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள இடம். காற்று மாசால் பூங்காவின் இயற்கை வளம் கெடுகிறது என்று தெரிந்தால் அதைக் காட்டவேண்டிய கடமை பூங்கா நிர்வாகத்துக்கு உண்டு. காட்டுவதற்குச் சான்று வேண்டும்.

மழைமானி சொன்னதும் சொல்லாததும்

லாக் வேலில் கண்காணிப்பு 1980களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1983இல் தேசிய மழைப்படிவு வலையமைப்பின் நிலையம் ஒன்று அங்கே வந்தது. ஈரம் பட்டதும் மூடி தானே நகர்ந்து வாளியைத் திறக்கும். மழை நின்றதும் மூடிக்கொள்ளும். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, வாளி மாற்றப்படும். மூடி இருப்பதால் தூசியாகவும் வாயுவாகவும் இறங்கும் உலர்படிவு இதில் சேராது. வாளிக்குள் விழுவது ஈரப்படிவு மட்டும். பின்னால் வரும் எண்கள் எல்லாம் இந்த ஈரப்படிவைக் குறிப்பவை.

கிழக்குச் சரிவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 3 முதல் 5 கிலோ நைட்ரஜன், மேற்குச் சரிவில் 1 முதல் 2 கிலோ என்று அளவீடுகள் காட்டின. நம் கணக்கில் இது அற்பம். மூன்று கிலோ தழைச்சத்து என்பது ஆறரைக் கிலோ யூரியா. நெல் வயலில் ஒரு ஹெக்டேருக்கு நாம் போடுவது அதைப்போல் பல மடங்கு. உரமே காணாத பாறைக் குழியில் தேங்கிய தண்ணீருக்கு அது அற்பமில்லை என்று ஊகிக்கலாம். ஆனால் 1983இல் தொடங்கிய மானிக்கு 1983க்கு முந்தைய ஏரி எப்படி இருந்தது என்று தெரியாது. ஏரி மாறிவிட்டதா, எப்போதும் இப்படித்தானா? இந்தக் கேள்விக்காகத்தான் சேற்றுக்குப் போனார்கள்.

சேற்றை எடுப்பதும் வயது பார்ப்பதும்

இத்தகைய ஏரிகளில் மேல் சில சென்டிமீட்டர் சேறு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கூழ் மாதிரி இருக்கும். கனமான துளைப்பானை வேகமாக இறக்கினால் அதன் முன்னால் எழும் நீரலை அந்தக் கூழைத் தள்ளிவிடும். கடைசி இருபது முப்பது ஆண்டு அப்படியே காணாமல் போகும். அதனால் தன் எடையில் மெதுவாக இறங்கி, மேலே வரும்போது தானே அடைத்துக்கொள்ளும் ஈர்ப்புக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறைந்த ஏரியின் பனித்தளத்தில் துளைபோட்டு இறக்குவது படகிலிருந்து இறக்குவதைவிட நல்லது, ஆடாது. ஏரியின் ஆழமான, தட்டையான நடுப்பகுதியே இடம். வண்டல் உருளை வெளியே வந்ததும் மேல்நீர் தெளிவாக இருக்கிறதா, சேற்றின் முகம் கலையாமல் சமமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பதே சரி.

கரையிலேயே கால் அல்லது அரை சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்துப் பையிலிடுவது வழக்கம். குழாயை நிமிர்த்தியபடியே சுமந்து மலை இறங்கினால் வழியிலேயே அடுக்குகள் கலங்கும். அறுக்கும்போது ஒவ்வொரு வில்லையின் ஓரத்தையும் சீவி எறியவேண்டும், ஏனென்றால் குழாயின் உட்சுவரோடு மேல்சேறு கீழே இழுபட்டிருக்கும். ஓரத்தை விட்டுவைத்தால் புதிய இனம் உண்மையைவிட முன்பே வந்ததுபோல் காட்டும். இந்த நிகழ்வில் எல்லாமே “எப்போது வந்தது” என்பதைச் சார்ந்திருந்ததால், இந்தச் சீவல் சின்ன விஷயமில்லை.

வயது பார்க்க ஈயம்-210, காற்றிலிருந்து சேற்றில் படிந்து மெல்லச் சிதையும் கதிரியக்க ஈயம். அரையாயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 22.3 ஆண்டு. 1990களில் எடுத்த உருளை என்று வைத்துக்கொண்டால் 1950 என்பது ஏறக்குறைய இரண்டு அரையாயுள் தூரம். தொடக்கக் கதிரியக்கத்தில் கால் பங்கு மிச்சமிருக்கும், நன்றாக அளக்கலாம். 1900க்குப் போனால் மிச்சம் இருபதில் ஒரு பங்குதான். அங்கே பிழை விரியும். மலை ஏரிகளில் வண்டல் சேர்வது மெதுவாக என்பதால் ஒரு வில்லைக்குள்ளேயே பல ஆண்டுகள் அடங்கும். 1963ஐ ஒட்டி அணுகுண்டுச் சோதனைகளால் உச்சம் தொட்ட சீசியம்-137 இதற்கு நல்ல குறுக்குச் சோதனை, ஆனால் மெலிந்த வண்டலில் அது மேலும் கீழும் நகர்வது உண்டு. உச்சம் மழுங்கியிருந்தால் அதை மட்டும் நம்பக்கூடாது.

ஸ்லைடு வேலை

ஈரச்சேறு 0.1 முதல் 0.2 கிராம் போதும். அதிகம் எடுத்தால் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து எண்ணமுடியாது. 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 5 மில்லி ஊற்றி, 80 டிகிரிக்கு மேல் சூடான நீர்த்தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கரிமப் பொருள் எரிந்துபோகும். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே நிற்கவேண்டும். தாவரத் துகள் நிறைந்த சேறு பொங்கி வழிந்தால் அந்த மாதிரி கெட்டது, பக்கத்துக் குழாயில் தெறித்திருந்தால் அதுவும் கெட்டது. பிறகு சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நான்கைந்து முறை காய்ச்சி வடித்த நீரில் கழுவல். கடைசிக் கழுவலில் எண்ணிக்கை தெரிந்த பிளாஸ்டிக் நுண்கோளங்களைக் கலந்தால் ஒரு கிராம் சேற்றில் எத்தனை ஓடு என்பதையும் கணக்கிடலாம்.

வட்டக் கவர்ஸ்லிப்பில் அரை மில்லி விட்டு, மூடிவைத்து, அறைவெப்பத்தில் தானாக உலரவிடவேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஓடுகள் ஓரத்தில் வளையமாக ஒதுங்கும். நீண்டவை ஓரத்திலும் குட்டைகள் நடுவிலும் பிரிந்துபோக, எந்த வரிசையில் எண்ணுகிறோமோ அதற்கேற்ப விகிதம் மாறும். உலர்ந்ததும் ஒளிவிலகல் எண் 1.7ஐ ஒட்டிய பிசினில் ஒட்டவேண்டும். சாதாரண பிசினில் ஒட்டினால் சிலிக்காவும் பிசினும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒளியை விலக்கும். ஓட்டின் கோடுகள் கண்ணுக்கே தெரியாது.

எண்ணுவது ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, எண்ணெய் லென்ஸில், ஒரு மாதிரிக்கு 400 அல்லது 500 ஓடு. 400இல் 20 என்றால் 5 சதவீதம். புள்ளியியல்படி அது சுமார் 3 முதல் 7.5 வரை எங்கும் இருக்கலாம். அரிதான இனம் முதலில் தலைகாட்டும் வில்லையைத் தேடும்போது 400 போதாது. அந்த ஒன்றிரண்டு வில்லைகளில் மட்டும் ஆயிரம் எண்ணினால் தொடக்கம் தெளிவாகும்.

இந்த நிகழ்வின் நாயகர்கள் இருவர்: ஆஸ்டெரியோனெல்லா ஃபார்மோசா, ஃப்ராஜிலேரியா குரோட்டோனென்சிஸ். முன்னது உயிரோடு இருக்கும்போது நட்சத்திரம்போல் சேர்ந்து மிதக்கும். பின்னது நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு இருபுறமும் பல் வைத்த சீப்புபோல் நாடாவாக மிதக்கும். பெராக்சைடில் வெந்தபின் நட்சத்திரமும் இல்லை, சீப்பும் இல்லை, தனித்தனி ஊசிகள்தான். ஆஸ்டெரியோனெல்லாவின் ஓடு 40 முதல் 80 மைக்ரான் நீளம், இரண்டு மூன்று மைக்ரான் அகலம், ஒரு முனை மறுமுனையைவிடத் தடித்திருக்கும். கழுவும்போது சென்ட்ரிஃப்யூஜை வேகமாக ஓட்டினால் இரண்டாக, மூன்றாக உடையும். உடைந்த துண்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணினால் அந்த இனம் இரட்டிப்பாகத் தெரியும். தடித்த முனை இருக்கும் துண்டை மட்டும் ஒன்று என்று எண்ணும் விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். ஃப்ராஜிலேரியாவுக்கு நடுவில் ஒரு சிறு புடைப்பு உண்டு. அந்த நடுத்துண்டே அதற்குக் கணக்கு. புடைப்பைக் கவனிக்காதவர் அதைப் பக்கத்து மெல்லிய ஃப்ராஜிலேரியா இனங்களோடு சேர்த்துவிடுவார். அப்போது கதையே மாறிவிடும்.

கண்ணாடியில் தெரிந்தது

முதலில் கிழக்குச் சரிவின் இரண்டு ஏரிகள், ஸ்கை பாண்டும் லேக் லூயிஸும். (கனடாவில் இதே பெயரில் உள்ள புகழ்பெற்ற ஏரி வேறு.) முடிவுகள் 2001இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுக்குப்பின் முகட்டின் இருபக்கமும் சேர்த்து ஐந்து ஏரிகளின் முடிவுகள் வந்தன. எல்லாமே 3,200 மீட்டருக்கு மேல் உள்ளவை.

சத்துக் குறைந்த குளிர்நீருக்கே உரிய இனங்கள் கோலோச்சிய இடத்தில், நடுத்தரச் சத்துள்ள நீரை விரும்பும் மிதவை இனங்கள் ஏறியிருந்தன. குறிப்பாக மேலே சொன்ன இரண்டும். ஏற்றம் 1950ஐ ஒட்டித் தெளிவாகிறது, ஏரிகள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில். கூடவே சேற்றில் நைட்ரஜன்-15இன் (நைட்ரஜனின் கனமான வகை) பங்கு குறைகிறது. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமும் இறங்குகிறது. ஒரு கிராம் சேற்றில் உள்ள டயாட்டம் ஓடுகளின் மொத்த எண்ணிக்கையும் கூடியிருந்தது.

இந்தக் கடைசி வரியைச் சிலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாறுவது எளிது. ஒரு வில்லையில் அடியொட்டி வாழும் இனங்கள் 380, ஆஸ்டெரியோனெல்லா 20 என்று வைப்போம், 95க்கு 5. மேல் வில்லையில் அடியொட்டிகள் அதே 380, ஆஸ்டெரியோனெல்லா மட்டும் 200 ஆகிறது. இப்போது 65க்கு 35. அடியொட்டிகள் அழிந்தன என்று வரைபடம் சொல்லும்; உண்மையில் ஒன்றுகூடக் குறையவில்லை. நுண்கோளம் கலந்து மொத்த அடர்த்தி பார்த்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இவற்றில் ஓர் ஏரியில் ஆண்டு முழுக்க வண்டல் பொறி (நீரில் கீழே விழுவதைப் பிடிக்கும் குழாய்) தொங்கவிட்டார்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் இந்த இரண்டு இனங்களும் மிகுதியாக விழுந்தன. ஏரிநீரில் நைட்ரேட் ஆண்டின் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சேற்றில் கண்ட தொடர்பு தண்ணீரில் நேராகவே தெரிந்தது. கோடையில் மட்டும் ஏரிக்குப் போய் வலைவீசுபவர் இந்த இனங்களின் உச்சத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்.

வேறு காரணமாக இருக்கலாமா

கேள்விகள் பல எழக்கூடியவை, எழுந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பலத்தில் பதில் இல்லை.

இயல்பான ஏற்ற இறக்கமா? பனியாறு விலகியபின் உள்ள 14,000 ஆண்டுகளையும் அடக்கிய நீண்ட உருளை ஒன்றையும் ஆராய்ந்தார்கள். அவ்வளவு நீண்ட காலத்தில் எங்கும் இல்லாத வேகமும் அளவும் கடைசி அரை நூற்றாண்டில் இருந்தது. இந்தப் பதில் வலுவானது.

மீன் விட்டதாலா, ஆட்கள் வந்துபோவதாலா? அமெரிக்க மலை ஏரிகள் பலவற்றில் டிரவுட் மீன் விடப்பட்டது உண்டு. ஆனால் மீன் விட்ட ஆண்டு ஏரிக்கு ஏரி மாறும். தனித்தனி ஏரிகள் சேர்ந்து ஒரே காலத்தில் திரும்பியதை அது விளக்காது.

வெப்பம் கூடியதாலா? கடினமான கேள்வி இதுதான். ஏரி சூடாகி, நீரடுக்குகள் பிரிந்து நிற்கும் காலம் நீண்டால் மிதவை டயாட்டங்கள் பெருகும் என்பது வேறு பல ஏரிகளில் கண்டது. இங்கே எடுத்துவைத்த முக்கிய வாதம் கிழக்கு–மேற்கு வேறுபாடு. வெப்பம் முகட்டைப் பார்த்து வருவதில்லை. நைட்ரஜன் பார்த்துத்தான் வருகிறது. ஐந்து ஏரிகளிலும் மாற்றம் உண்டு, ஆனால் கிழக்கே பெரிது, மேற்கே சிறிது. மான்டானா–வயோமிங் எல்லையிலுள்ள பேர்டூத் மலை ஏரிகளில் வேறொரு குழு நடத்திய சோதனைகளும் கைகொடுத்தன: நைட்ரஜனும் சிலிக்காவும் ஓரளவு கிடைத்தால், பாஸ்பரஸ் மிகக் குறைவாக இருந்தாலும் இந்த இரண்டு இனங்களும் வளரும். ஆனாலும் வெப்பத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அதே லாக் வேல் ஏரிகளின் சேற்றிலுள்ள நிறமிகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு, சத்தும் வெப்பமும் சேர்ந்தே பாசியைப் பெருக்கியிருக்கின்றன என்று காட்டியது. முதல் உந்தல் நைட்ரஜன், பிற்காலத்தில் வெப்பமும் தோள்கொடுத்தது என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்வதே நியாயம்.

ஆண்டிலிருந்து கிலோவுக்கு

2006இல் வந்த கணக்கு எளியது. இவ்வளவு எளியதாக இருந்ததால்தான் அதிகாரிகள் மேசையில் நின்றது. 1900இல் ஈரப்படிவு ஹெக்டேருக்கு 0.5 கிலோ என்று பின்னணி மதிப்பு வைத்தார்கள். மறுமுனையில் லாக் வேல் மானியின் 19 ஆண்டு அளவீடு. இரண்டையும் மடங்கேறும் வளைகோட்டால் இணைத்தார்கள். கொலராடோவிலும் மேற்கின் 11 மாநிலங்களிலும் வெளியான நைட்ரஜன் ஆக்சைடுகளின் அரசுக் கணக்கோடு அந்த வளைகோடு நன்றாகப் பொருந்தியது. டயாட்டம் திரும்பிய 1950–1964 காலத்துக்கு வளைகோட்டில் சராசரி பார்த்தால் சுமார் 1.5 கிலோ. அதுவே தாங்கும் வரம்பு.

இதில் எவ்வளவு நெகிழ்வு என்று யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 1900இல் 0.5, 1995இல் 3 என்று தோராயமாக வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.9 சதவீத ஏற்றம். 1957இல் 1.47 வருகிறது. சேற்றின் வயதில் பத்தாண்டு பிழை இருந்து, திருப்பம் உண்மையில் 1947இல் என்றால் 1.2, 1967இல் என்றால் 1.8. வயதில் பத்தாண்டு தவறினால் வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு தவறும். வில்லையைச் சீவாமல் விட்டதும், 400இல் மூன்று ஊசியைத் தவறாக எண்ணியதும் கடைசியில் எத்தனை கிலோவாகப் பெருகும் என்பது இங்கேதான் தெரிகிறது.

ஆனால் முடிவின் திசை இதனால் மாறவில்லை. 1.2 ஆனாலும் 1.8 ஆனாலும் அன்றைய படிவு அதைவிட வெகு அதிகம். பிறகு 2011இல் யெல்லோஸ்டோன் வட்டார ஏரிகளில் இதே டயாட்டம் வழியில் தனியாகக் கணக்கிட்டபோது 1.4 கிலோ கிடைத்தது. வேறு மலை, வேறு உருளை, ஏறக்குறைய அதே எண்.

எடுத்த முடிவுகள்

2004இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் தேசியப் பூங்காக்களுக்குப் பொறுப்பான மத்திய உள்துறைக்கு மனு கொடுத்தன. 2005இல் தேசியப் பூங்காச் சேவை, மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மாநிலப் பொதுச் சுகாதார–சுற்றுச்சூழல் துறை ஆகிய மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2006இல் பூங்கா நிர்வாகம் 1.5 கிலோவைத் தன் இலக்காக அறிவித்தது. 2007இல் மாநிலக் காற்றுத்தர ஆணையம் குறைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

திட்டத்தில் மூன்று தேர்வுகள் கவனிக்கத்தக்கவை.

ஒரே தாவலில் 1.5க்குப் போகாமல் இறங்குபாதை வைத்தார்கள். தொடக்கம் 3.1 கிலோ, 2012இல் 2.7, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு படி, 2032இல் 1.5. மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்பதால் ஒரு ஆண்டின் அளவைப் பார்க்காமல் ஐந்தாண்டுச் சராசரியைப் பார்ப்பது என்றும் வைத்தார்கள். ஒரு வறண்ட ஆண்டு வந்து வெற்றி என்று சொல்லும் ஆபத்தை இது தவிர்த்தது.

இலக்கை மழைக்கு வைத்தார்கள், ஏரிக்கு வைக்கவில்லை. அதிகாரியின் கண்ணில் இது சரி. மழையை வாரந்தோறும் அளக்கலாம், டயாட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் நிபுணர் வேண்டும். ஆனால் 1.5ஐத் தொட்டபின் ஏரி திரும்பியதா என்று எதை வைத்துத் தீர்ப்பது என்பது எழுதப்படவில்லை.

வாகனம், மின்நிலையம் ஆகியவற்றின் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வழி இருந்தது. பட்டிகளின் அம்மோனியாவுக்கு அப்படி இல்லை. அதை விருப்ப நடைமுறைகளுக்கு விட்டார்கள். திட்டத்தின் மெலிந்த இடம் இது.

பிறகு நடந்தது

நைட்ரஜன் ஆக்சைடுகள் இறங்கின. ஓசோன் விதிகளும், வாகனத் தரமும், நிலக்கரி மின்நிலையங்களை மூடவோ எரிவாயுவுக்கு மாற்றவோ வழிசெய்த 2010ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் ஒன்றுசேர்ந்து உதவின. மழையில் நைட்ரேட்டின் (நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து வருவது) பங்கு குறைய, அம்மோனியத்தின் (அம்மோனியாவிலிருந்து வருவது) பங்கு ஏறியது. இரண்டும் சேர்ந்த மொத்தம் பெரிதாக அசையவில்லை. 2012இன் 2.7 எட்டப்படவில்லை, சராசரி 3ஐ ஒட்டியே நின்றது.

இதற்கிடையே ஏரிப்பக்கம் இன்னொரு சிக்கல். 2000க்குப்பின் லாக் வேல் ஓடைகளில் நைட்ரேட் கூடியது, மழையில் அதற்கு ஈடான ஏற்றம் இல்லாமலே. படுகையின் மேலுள்ள பனியாறுகளும், கல்லுக்குள் பனி புதைந்த கற்பனியாறுகளும் உருகியபோது, புதிதாக வெளிப்பட்ட கல்லிலும் வண்டலிலும் நுண்ணுயிரிகள் உருவாக்கிய நைட்ரேட் நீரோடு வந்தது. மழையை மட்டும் இலக்காக வைத்த திட்டத்துக்கு இது கணக்கில் வராத வரவு.

2014இல் முன்னெச்சரிக்கை முறை ஒன்று சோதனையாகத் தொடங்கியது. கிழக்கிலிருந்து மலையேறும் காற்றும் மழையும் வரும் என்று வானிலைக் கணிப்பு சொன்னால், பட்டி வைத்திருப்பவர்களுக்கும் விவசாயிகளுக்கும் முன்கூட்டியே செய்தி போகும். பட்டியைச் சுரண்டிக் கழுவுவது, எருக்குவியலைப் புரட்டுவது, உரம் இறைப்பது போன்ற வேலைகளை ஓரிரு நாள் தள்ளிவைக்கச் சொல்வார்கள். கட்டாயம் கிடையாது. மாடு பட்டியில் நிற்கும்வரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். தள்ளிப்போடுவதால் உச்சம் குறையும், மொத்தம் குறையாது. மலையேறும் காற்று ஆண்டில் சில நாட்களே வீசுவதால், அந்த நாட்களின் உச்சத்தைக் குறைப்பதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் தீவனத்தில் தேவைக்கு மேல் புரதம் போடுவதைக் குறைப்பதுபோன்ற, மூலத்திலேயே கைவைக்கும் வழிகளுக்கு ஈடாக இதைச் சொல்லமுடியாது.

மறுபடி செய்வதானால்

வரம்பை ஒற்றை எண்ணாக வைக்காமல் 1.2 முதல் 1.8 என்று வீச்சாகவே அறிவிக்கலாம். பேச்சுவார்த்தையில் இது பலவீனமாகத் தெரியும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் எதிர்த்தரப்பு நிபுணர் பிறகு கண்டுபிடித்துச் சொல்வதைவிட முன்பே சொல்லிவிடுவது பலம். இலக்கை வீச்சின் கீழ்முனையில் வைப்பதா மேல்முனையில் வைப்பதா என்பதும் அப்போது வெளிப்படையான கொள்கை முடிவாக இருக்கும்.

இலக்கைத் தொடக்கத்திலேயே நைட்ரேட், அம்மோனியம் என்று இரண்டாகப் பிரித்திருந்தால், எந்தத் துறை இறங்கியது, எது இறங்கவில்லை என்பது முதல் சில ஆண்டிலேயே தெரிந்திருக்கும். மொத்தமாக வைத்ததால் ஒன்றின் இறக்கம் மற்றதன் ஏற்றத்தை மறைத்தது. உலர்படிவையும் ஏதாவது ஓர் அளவில் சேர்த்திருக்கவேண்டும். வாளி மூடியிருக்கும் நாட்களிலும் அம்மோனியா இறங்கத்தான் செய்கிறது.

ஏரிக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் உருளை எடுக்கத் தேவையில்லை. ஆழமான இடத்தில் வண்டல் பொறி ஒன்றைக் கட்டி, பனி உருகியதும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, அதே விதிப்படி 400 ஓடு எண்ணினால் போதும். பொறிக் குழாயின் நீளம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும், இல்லையென்றால் சுழல் விழுந்ததை வெளியே எடுத்துவிடும். ஏரியின் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் தொங்கவிட்டால் காற்று நாளில் கிளம்பும் பழைய சேறும் உள்ளே விழுந்து, இந்த ஆண்டின் கணக்கில் போன நூற்றாண்டின் ஓடுகள் கலக்கும். நங்கூரக் கயிற்றின் மேல்மிதவை பனித்தளத்துக்கு இரண்டு மீட்டர் கீழே நிற்கவேண்டும்; பனியோடு உறைந்தால் வசந்தத்தில் பனிக்கட்டி நகரும்போது பொறியையும் இழுத்துக்கொண்டு போகும்.

எண்ணும் விதிகளை, உடைந்த துண்டுக்கான விதி உட்பட, ஸ்லைடுகளோடு சேர்த்து ஆவணமாக வைக்கவேண்டும். இருபது ஆண்டு கழித்து எண்ணப்போகிறவர் வேறொருவர். அவர் தன் வேலையைத் தொடங்குமுன் பழைய ஸ்லைடுகளில் பத்தையாவது மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வில்லையிலும் பாதியைத் தொடாமல் குளிர்பெட்டியில், உறையவிடாமல், 4 டிகிரியில் வைத்திருந்தால் வயதுக் கணக்கையும் அப்போதைய கருவியில் திரும்பப் பார்க்கமுடியும்.